இரண்டு கையாலும் மைக்

எறும்புதான் அக்கா. எல்லாரும் சிலந்தி என்றுதான் சொல்கிறார்கள். காலை எண்ணிப் பார்த்தீர்கள் என்றால் ஆறுதான் இருக்கும். பிரகதீஷ் வரைந்தது. அவனுக்கு வரைய வராது, ஆனால் வரையாமல் இருக்கவும் வராது. பையில் ஒட்டிய நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உரித்துவிடலாம் என்றால் பாதிதான் வருகிறது.

எங்கள் குழுவின் சின்னம் அது. என்ன குழு என்றால், சொன்னால் சிரிப்பீர்கள். ஏஜென்ட் வைத்திருப்பவர்கள் குழு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை. எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "ஏன் சாமி, உனக்கு நான் ஒரு பாலிசி போடோணுமா?" என்று கேட்டார். இது கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு புரோகிராம் அக்கா. நம் மெயில், வாட்ஸ்அப், காலண்டர் எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்துவிட்டால் நமக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் பில் கட்டும், டிக்கெட் போடும், யாராவது எழுதினால் பதில் எழுதும். கம்பெனிக்காரர்கள் விற்பதும் இருக்கிறது. நாங்கள் வைத்திருப்பது ஓப்பன் சோர்ஸ். எழுதினவர்கள் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் திறந்து விட்டிருப்பார்கள். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், தனக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கிறுக்கு உள்ளவர்கள் கோயம்புத்தூரில் ஒரு நாற்பது ஐம்பது பேர் இருக்கிறோம்.

போன மாதம் நாங்கள் எல்லாரும் நேரில் கூடினோம். நடத்தியது நான். அதிலிருந்துதான் இந்தக் களைப்பு. தூங்கினாலும் போகவில்லை. அம்மா சத்து மாத்திரை வாங்கித் தந்தாள், அதற்கும் போகவில்லை.

கரூர்தான் போகிறேன் அக்கா. நீங்களும் கரூரா? நல்லதாகப் போயிற்று. என் சிநேகிதி ஆக்னஸ் வீட்டுக்கு. ஒரே சிநேகிதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஹாஸ்டலில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே அறை. அந்தக் கூட்டத்தில்தான் எங்களுக்குள் ஒரு இது ஆகிவிட்டது. அவள் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாளா என்பதுதான் எனக்குக் கவலை. ஆனால் வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். அதனால் பரவாயில்லை. பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை. சிங்காநல்லூரில் ஏறும்போது பக்கத்தில் ஆள் இல்லாத சீட்டாகத்தான் தேடினேன். கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கூட்டம் நடத்துவது என்றால் என்ன என்று நடத்தினால்தான் தெரியும் அக்கா. பிரகதீஷ்தான் குழுவை ஆரம்பித்தவன். வாய் ஓயாது. அவன் நடத்தினால் அவனே காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுகிறான் என்று எல்லாரும் சொன்னதால், "இந்தத் தடவை ஈஸ்வரி நடத்தட்டும், அவதான் பேசமாட்டா" என்று முடிவாகிவிட்டது. என் முழுப் பெயர் சௌடேஸ்வரி. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. நாற்காலி, டீ, புரொஜக்டர், பேச வருகிறவர்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வது. மேடையில் ஏறத் தேவையில்லை. பீளமேட்டில் ஒரு கம்பெனிக்காரர் தன் ஆபீஸ் மாடியை ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டுக் கொடுத்தார். லிஃப்ட் வேலை செய்யாது என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அழைப்பு, பதில், நினைவூட்டல் எல்லாம் என் ஏஜென்ட்தான் அனுப்பியது. வருகிறவர்களின் ஏஜென்ட்கள் அதற்குப் பதில் எழுதின. ஒருநாள் குழுவில் ஒருவருடைய ஏஜென்ட் "தகவலுக்கு நன்றி" என்றது. இன்னொருவருடையது "உங்கள் நன்றிக்கு நன்றி" என்றது. மூன்றாவது வந்து இரண்டு பேரையும் பாராட்டியது. நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தால் குழுவில் ஆயிரத்துக்கு மேல் மெசேஜ். மனிதர் எழுதியது ஒன்றே ஒன்று. ராமநாதன் சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், "தேங்காய் பன் உண்டா?" என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஏஜென்ட் எதற்கு எனக்கு என்கிறீர்களா. சொல்கிறேன். எனக்கு எழுதவே வராது அக்கா. பேசவும் வராது, எழுதவும் வராது. ஒருவர் "எப்படி இருக்கே?" என்று அனுப்பினால் "நல்லா இருக்கேன்" என்று அடிப்பேன். நல்லா இருக்கேன் என்றால் திமிராகத் தெரியுமோ என்று அழிப்பேன். "ஏதோ இருக்கேன்" என்று அடிப்பேன். அது பாவமாக இருக்கும். அழிப்பேன். ஆக்னஸ் கிண்டல் செய்வாள். "ஏன்டி, அரை மணி நேரமா டைப்பிங்னு காட்டுது, பெருசா என்னமோ வரப்போகுதுன்னு சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருக்கேன், வந்தது ஓகே." அவள் அப்படித்தான். கரூர்க்காரி. அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

அவள் அப்பா பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். இந்த பஸ்ஸுக்குக்கூட அவர் பெயின்ட் அடித்திருக்கலாம், யார் கண்டது. ஒரு தடவை என் டிபன் பாக்ஸில் என் பெயரை பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதுகிற எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். அவருக்கு நுரையீரலில் வந்துவிட்டது. பெயின்ட் வாசனையால் என்றும் சொன்னார்கள், இல்லை என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஆக்னஸ் எனக்கு எழுதினாள். நீளமாக எழுதினாள். அவள் அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் அக்கா. என்ன சொல்வது? சரியாகிவிடும் என்று எப்படிச் சொல்வது, நான் டாக்டரா? கவலைப்படாதே என்றால் அவள் என்ன சும்மாவா கவலைப்படுகிறாள்? ஒரு வார்த்தை தப்பாகப் போட்டுவிட்டால் அவள் ஆயுசுக்கும் நினைவு வைத்திருப்பாளே என்று பயம். அப்போதுதான் ஏஜென்ட்டிடம் விட்டேன். சும்மா விடவில்லை. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஆக்னஸுக்கு மட்டும் தனியாக. என் பழைய மெசேஜ்களைக் கொடுத்து, நான் எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும், ஆனால் இன்னும் கொஞ்சம் பாசமாக, தினமும் காலையில் அப்பா எப்படி என்று விசாரிக்க வேண்டும், அவள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும், அவள் அழுதால் அறிவுரை சொல்லக் கூடாது, கூடவே இருக்க வேண்டும் என்று. பாசம் இல்லாதவள் இதை எல்லாம் யோசித்துச் செய்வாளா? நீங்களே சொல்லுங்கள்.

அது ஒரு நாள் விடாமல் விசாரித்தது. நானாக இருந்தால் மறந்திருப்பேன். ஆக்னஸ் ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுவாளாம், உடனே உடனே பதில் போயிருக்கிறது. நானாக இருந்தால் தூங்கியிருப்பேன். ஆரம்பத்தில் நானும் அவ்வப்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. படித்தால் எனக்கே அழுகை வந்தது. அப்புறம் அது நன்றாகத்தான் செய்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவர் இறந்தபோது நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும் அக்கா, நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். சாவு வீட்டில் எங்கே நிற்பது, யார் கையைப் பிடிப்பது, பிடித்தால் எப்போது விடுவது என்று எதுவும் எனக்குத் தெரியாது. நான் போய் ஓரமாக மரம் மாதிரி நின்றிருந்தால் அவளுக்கு என்ன ஆறுதல்? அது எழுதியது. அவர் என் டிபன் பாக்ஸில் பெயர் எழுதிக் கொடுத்ததைக்கூட எங்கிருந்தோ எடுத்துப் போட்டு எழுதியிருந்தது. நான் எப்போதோ அவளுக்கு அனுப்பிய பழைய மெசேஜில் இருந்திருக்கும்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு எல்லாம் எறும்பு ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும், "என்னங்க, சிலந்திங்களா?" என்கிறார்கள். அந்தக் கும்பலுக்கு நடுவில் ஆக்னஸ். மெலிந்து போயிருந்தாள். வந்த வேகத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு ஸ்டிக்கர் கட்டு ஒரு கையில், பேனா ஒரு கையில்.

"நீ கூப்பிட்டேன்னுதான்டி வந்தேன். அம்மா வேண்டாம்னாங்க. அவ கூப்பிட்டுப் போகாம இருக்கமுடியாதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் கூப்பிட்டிருக்கிறேன் போல. நெருக்கமானவர்களுக்கு அழைப்பு அனுப்பு என்று ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தேன், அவளுக்கும் போயிருக்கிறது. "வா, வா" என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் அறிமுகம். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நம் பெயரைச் சொல்லி, நம் ஏஜென்ட்டின் பெயரையும் சொல்ல வேண்டும். "நான் பிரகதீஷ், என் ஏஜென்ட் பேர் கணக்குப்பிள்ளை." "நான் ராமநாதன், அதன் பேர் மீனாட்சி. வீட்டம்மா பேரும் அதுதான், ரெண்டு பேருக்கும் சண்டை வராமப் பாத்துக்கறேன்." எல்லாரும் சிரிப்பார்கள். என் முறை வரும்போது நான் டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன். என்னுடையதற்குப் பெயர் வைக்கவில்லை அக்கா. என் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பேச வேண்டியவருக்கு பெங்களூரில் காய்ச்சல். பிரகதீஷ் என்னைப் பிடித்துக்கொண்டான். "நீயே பேசிடு ஈஸ்வரி."

"எனக்கு வராது பிரகதீஷ். விளையாடாதே."

"தலைப்பு அன்றாட வாழ்க்கையில் ஏஜென்ட். இந்த ரூம்லயே உன்ன விட அதை அதிகமா யூஸ் பண்றவங்க யாரு? ஸ்லைடைக்கூட அதுகிட்டயே போடச் சொல்லிடு. நீ நின்னு படிச்சாப் போதும்."

அது போட்டுக் கொடுத்துவிட்டது. நான் நின்று படித்தேன். ஒரு கையால் பிடித்தால் மைக் பல்லில் இடிக்கிறது. அதனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்சுவரில் இருந்த ஏசி மேல் வைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு ஓரக் கண்ணில் எல்லாம் தெரியும் அக்கா. சின்ன வயதிலிருந்தே அப்படி. பேசாமல் இருக்கிறவர்களுக்குப் பார்ப்பதுதானே வேலை. ராமநாதன் சார் பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைச் சட்டைப்பையில் வைத்தது தெரிந்தது. மூன்றாவது வரிசையில் ஆக்னஸ் போனில் ஏதோ அடித்தது தெரிந்தது. அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடனே போன் அதிர்ந்திருக்கும் போல, குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, என் கையைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்ப பஸ் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசி முடித்தேன். கைதட்டினார்கள். கேள்வி நேரம். ராமநாதன் சார்தான் முதலில் எழுந்தார். எப்போதும் அவர்தான். "நாள் பூரா ஓடினா கரண்ட் பில்லு எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிரகதீஷ் பதில் சொன்னான். அப்புறம் ஆக்னஸ் கை தூக்கினாள். பிரகதீஷ் போய் மைக்கைக் கொடுத்தான்.

"என் பேர் ஆக்னஸ். எனக்கு ஏஜென்ட் கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இவ பேசிட்டிருக்கும்போது நான் ஒரு மெசேஜ் போட்டேன். நல்லா பேசுற, பயப்படாதேன்னு. உடனே பதில் வந்துச்சு. படிக்கிறேன். 'நீ எதிர்ல உக்காந்திருக்கும்போது எனக்கென்னடி பயம். உன் முகத்தைப் பாத்துதான் பேசிட்டிருக்கேன்.'" நிறுத்தினாள். "இவ ரெண்டு கையிலயும் மைக்கைப் பிடிச்சுட்டு ஏசியைப் பாத்துட்டிருந்தா."

ஹால் முழுக்கக் கைதட்டல் அக்கா. நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பிரகதீஷ் இன்னொரு மைக்கை எடுத்து, "பாத்தீங்களா, இதுதான் லைவ் டெமோ, இன்னொரு தடவை தட்டுங்க" என்கிறான். பின்னால் ஒருவர் எழுந்து, எந்த மாடல், எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்று கேட்கிறார். அந்தக் கைதட்டல் அடங்கும் வரைக்கும் ஆக்னஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்போலேர்ந்து ஈசு?"

ஹாஸ்டலில் என்னை அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். மைக்கில் கேட்டபோது வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

நான், "பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"அப்பாவ அட்மிட் பண்ணினப்போ?"

"ஆமா. இருக்கும். பார்த்துச் சொல்றேன்."

"அவர் போன அன்னிக்கு வந்துச்சே, டிபன் பாக்ஸ் பத்தி. எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க அதை அப்பாவோட நினைவஞ்சலி நோட்டீஸ்ல போடலாமான்னு கேட்டாங்க. அது?"

எனக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை. மறுபடியும் பார்த்துச் சொல்றேன் என்றுதான் வாயில் வந்தது. அந்த மூன்று தடவையும் அதேதான் சொன்னேன். ராமநாதன் சார் பக்கத்தில் இருந்தவரிடம், "நல்லா ஒத்திகை பாத்திருக்காங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது.

ஆக்னஸ் மைக்கைப் பிரகதீஷ் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வருத்தம் என்ன தெரியுமா அக்கா? கேட்க வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் நடுவில், நான் பயந்து சாகிற இடம் அதுதான் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அங்கே வைத்துக் கேட்டாள். ஒரு மாதமாக நாற்காலிக்கும் டீக்கும் நான் அலைந்த அலைச்சல். கூட்டம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் இப்போது எல்லாருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஞாபகம். அதிலும் பாராட்டுகிறார்கள். "உங்க டெமோ பிரமாதம்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஏஜென்ட்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கோபம் அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஏனென்றால் மத்தியானம் புதியவர்களுக்கு ஏஜென்ட் போட்டுக்கொடுக்கிற மேஜை ஒன்று வைத்திருந்தோம். ஆக்னஸ் சாப்பிட்டுவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தாள். பிரகதீஷ்தான் அவளுக்குப் போட்டுக் கொடுத்தான். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் கேள்வி கேட்கக் கேட்க அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் என்னிடம் வந்து, "உன் ஃபிரண்டு ரொம்ப ஷார்ப். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பதில் சொல்ற மாதிரி வைக்கலாமான்னு கேட்டாங்க. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல" என்றான். கோபம் இருக்கிறவள் அதே ஏஜென்ட்டைத் தன் போனில் போட்டுக்கொள்வாளா? சொல்லுங்கள். அவள் அம்மாவுக்காகவோ என்னமோ கேட்டிருப்பாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

அப்புறம் நான் ஏஜென்ட்டை அவளிடமிருந்து விலக்கிவிட்டேன். எல்லாருக்கும் இருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை. என் கையாலேயே எழுதினேன். "சாரி ஆக்னஸ்" என்கிற இரண்டு வார்த்தை எழுத ஒரு சாயங்காலம் ஆயிற்று. அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கப் போனேன், வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "பரவாயில்லை ஈசு. நீ என்னை நினைத்துக்கொண்டதே எனக்குப் பெரிய ஆறுதல். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. சாப்பிட்டாயா?"

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து தினமும் எழுதுகிறோம். நான் எழுத நேரம் எடுத்தாலும் அவள் உடனே எழுதிவிடுகிறாள். காலையில் எழுந்ததும் "நன்றாகத் தூங்கினாயா?" என்று வருகிறது. முன்பெல்லாம் அவள் பதிலே போடமாட்டாள் அக்கா, இரண்டு நாள் கழித்து ஒரு பொம்மைப் படம் அனுப்புவாள், அதுவும் அழுகிற எருமை. இப்போது எல்லாம் முழு வாக்கியம். ஒற்றெழுத்துக்கூட விடுவதில்லை. துக்கம் மனிதர்களை மாற்றிவிடும் என்பார்களே. நான் கிண்டலாக ஒன்று எழுதினால்கூட அமைதியாக, அன்பாகப் பதில் வருகிறது. ஒரு நாள் வேண்டுமென்றே, "நீ ஒரு லூசுடி" என்று எழுதினேன். ஹாஸ்டலாக இருந்தால் தலையணை பறந்திருக்கும். "உன் உரிமையான பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும்" என்று வந்தது.

போன வாரம் கேட்டேன். நான் உன் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று. "கண்டிப்பாக வா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. ஆவலோடு காத்திருக்கிறேன்" என்று எழுதினாள். இதோ பாருங்கள், இதுதான். படிக்க வருகிறதா? வெளிச்சம் அடிக்கிறது, இப்படித் திருப்பிக்கொள்ளுங்கள்.

என்ன அக்கா?

அவளேதான் எழுதுகிறாளா என்று ஏன் கேட்கிறீர்கள்? அவள் நம்பர்தான். படம்கூட அவள் படம்தான்.

இல்லை, பேசவில்லை. குரலில் பேசவில்லை. நாங்கள் போன் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. எனக்கு ரிங் போகிற சத்தம் கேட்டாலே வைத்துவிடத் தோன்றும்.

ஒரு நிமிடம் சும்மா இருங்கள் அக்கா.

எனக்குத் தோன்றாமல் இல்லை. நாள் முழுக்க அதோடுதானே இருக்கிறேன், ஏஜென்ட் எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த முதல் பதிலிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒருவர் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிறார். அதை எதற்குப் போய்த் தோண்டிப் பார்க்க வேண்டும்? அவளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படித்தான் உட்கார்ந்து படித்திருப்பாளோ என்னமோ. அவளாவது தெரியாமல் படித்தாள்.

அப்படியென்றால் நான் வருவதே அவளுக்குத் தெரியாது. இல்லையா?

திரும்பிப் போய்விடலாம். காங்கேயத்தில் இறங்கினால் திரும்ப பஸ் இருக்கும். காங்கேயம் போய்விட்டதா? பேசிக்கொண்டே வந்ததில் ஒன்றும் தெரியவில்லை.

கூப்பிடுவதா? இப்போதா? பஸ்ஸில் எல்லாரும் இருக்கிறார்கள் அக்கா. கூப்பிட்டு என்ன சொல்வது? நீங்கள் சொல்லிக்கொடுங்கள், நான் அப்படியே சொல்கிறேன். சரி. சரி, அதுவும் வேண்டாம். நீங்கள் சொல்லித் தந்தால் அதுவும் அதே கதைதான்.

ரிங் போகிறது.

எடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருப்பாள். எடுக்கமாட்டாள், வைத்துவிடு...

ஆக்னஸ்? நான்தான். ஈசு. இல்லடி, நானேதான். பஸ்ஸுல இருக்கேன், சத்தமா இருக்குல்ல, அதான். உங்க ஊருக்குத்தான் வந்துட்டிருக்கேன். நீ... நீ வரச் சொல்லல. தெரியும். எனக்கே இப்பதான்... இல்ல, அதுவும் பொய். தெரியும், ஆனா ஏறிட்டேன்.

அம்மாவப் பாக்கணும். உன்னையும்தான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல ஆக்னஸ். அன்னிக்கும் தெரியல. அப்பா விஷயத்துலயும் தெரியல. வந்து பக்கத்துல சும்மா உக்காந்திருந்திருக்கலாம். அது எனக்குத் தோணவே இல்ல. வேண்டாம்னா சொல்லு, இறங்கிடறேன்.

ஆக்னஸ்?

பேசமாட்டேன் என்கிறாள் அக்கா. வைக்கவும் இல்லை. பின்னால் யாரோ மிக்ஸி போடுகிற சத்தம் கேட்கிறது. அவள் அம்மாவாக இருக்கும். யாருடி என்று கேட்கிறார்கள். மிக்ஸியை நிறுத்திவிட்டார்கள்.

ம்? கேக்குதுடி. சொல்லு.

அக்கா, எந்த ஊர் தாண்டறேன்னு கேக்கறா. இது எந்த ஊருங்க அக்கா?